சல்தனத் வழக்கு: கஜகஸ்தானை உலுக்கிய கொலையும் அதன் பின் வந்த சட்டமும்

கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் உள்ள குற்றவியல் நீதிமன்றம் 2024 மே 13 அன்று, அந்நாட்டின் முன்னாள் பொருளாதார அமைச்சர் குவாந்திக் பிஷிம்பாயெவுக்கு 24 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தன் மனைவி சல்தனத் நுகெனோவாவைத் தொடர்ந்து வதைத்ததும், இறுதியில் மிகக் கொடூரமாக அடித்துக் கொன்றதும் அவர் மீது நிரூபிக்கப்பட்ட குற்றங்கள். சல்தனத்துக்கு அப்போது வயது 31; திருமணமாகி ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை. தீர்ப்பு வாசிக்கப்பட்டதை நாடு முழுவதும் மக்கள் நேரலையில் பார்த்தார்கள். அதற்கு முந்தைய ஏறத்தாழ ஏழு வாரங்களாகவே அந்த வழக்கு விசாரணை அவர்களுடைய கைப்பேசித் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்புக்கு நான்கு வாரங்களுக்கு முன்பு, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, பெண்களையும் குழந்தைகளையும் வன்முறையிலிருந்து பாதுகாப்பதற்கான புதிய சட்டத்தில் குடியரசுத் தலைவர் காசிம்-ஜோமார்ட் தொகாயெவ் கையெழுத்திட்டிருந்தார். மக்கள் அதைச் 'சல்தனத் சட்டம்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

கஜகஸ்தான் சுமார் 2 கோடி மக்கள் வாழும் நாடு. அங்கே குடும்ப வன்முறையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 பெண்கள் உயிரிழக்கிறார்கள் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீடு. குடும்ப வன்முறை தொடர்பாகக் காவல்துறைக்கு ஆண்டொன்றுக்கு வரும் அழைப்புகளும் புகார்களும் ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. அப்படியானால், சராசரியாக நாளுக்கு ஒரு பெண்ணுக்கு மேல் சாகும் நாட்டில், இந்த ஒரு மரணம் மட்டும் ஏன் மக்களைத் தெருவுக்கும் நாடாளுமன்றத்தைச் சட்டத்துக்கும் இழுத்து வந்தது? கொலையாளி முன்னாள் அமைச்சர், கொலை கேமராவில் பதிவாகியிருந்தது என்பதே பலரும் தரும் பதில். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. இந்த வழக்கில் இரண்டு வெவ்வேறு கோபங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன. அதிகாரத்தில் இருப்பவன் எதைச் செய்தாலும் தப்பிவிடுவான் என்ற பழைய கோபம் ஒன்று. வீட்டுக்குள் நடக்கும் அடியை அரசு குற்றமாகவே கருதவில்லை என்ற கோபம் இன்னொன்று. முதலாவதற்குத் தீர்ப்பு பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதற்குக் கிடைத்த பதில் பாதிதான். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் அந்தக் கொந்தளிப்பின் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2023 நவம்பர் 8 மாலை கணவனும் மனைவியும் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு, அஸ்தானாவில் பிஷிம்பாயெவின் உறவினர்களுக்குச் சொந்தமான உணவகத்துக்கு வந்தார்கள். இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். மறுநாள் காலை அவர் மனைவியைக் குத்துவதும், காலால் உதைப்பதும், முடியைப் பிடித்து இழுத்துச் செல்வதும் உணவகத்தின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவாகின. அடிக்குப் பயந்து சல்தனத் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்ள முயன்றதையும், அங்கிருந்தும் வெளியே இழுக்கப்பட்டதையும் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் விவரித்தது. அதன் பிறகு, கேமரா இல்லாத தனி அறையில், நினைவிழந்து கிடந்த அவருக்கு மணிக்கணக்கில் எந்த மருத்துவ உதவியும் கிடைக்கவில்லை. பிஷிம்பாயெவ் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. குறி சொல்லும் ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, மனைவிக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி பெற்றுக்கொண்டார். உணவகத்தை நிர்வகித்த உறவினர், கேமராப் பதிவுகளை அழிக்கச் சொல்லியும், சல்தனத் உயிரோடு வெளியே நடமாடுவதுபோலத் தோன்றுவதற்காக அவருடைய கைப்பேசியை நகரத்துக்குள் எடுத்துக்கொண்டு சுற்றியும் குற்றத்தை மறைக்க உதவினார். அந்த உறவினருக்குப் பிற்பாடு நான்கு ஆண்டு சிறை கிடைத்தது. மருத்துவப் பணியாளர்கள் வந்து சேர்ந்தது அன்று இரவு எட்டு மணிவாக்கில். காலையில் விழுந்த அடிக்கு மருத்துவம் வர ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தலையில் ஏற்பட்ட காயமே மரணத்துக்குக் காரணம் என்று உடற்கூறாய்வு சொன்னது. மூக்கெலும்பு முறிந்திருந்தது, முகத்திலும் கைகளிலும் கன்றிப்போன காயங்கள் இருந்தன.

மக்களுக்குப் பிஷிம்பாயெவின் பெயர் புதிதில்லை. அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்துத் திரும்பிய இளம் அதிகாரிகளின் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 2016இல், 36 வயதில், தேசியப் பொருளாதார அமைச்சர் ஆனார். சில மாதங்களிலேயே பதவி போயிற்று. 2017 ஜனவரியில் லஞ்ச வழக்கில் கைதாகி, 2018இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் முதல் குடியரசுத் தலைவர் நூர்சுல்தான் நசர்பாயெவின் கருணையால் தண்டனை குறைக்கப்பட்டு, 2019 அக்டோபரில் நிபந்தனையின் பேரில் விடுதலையாகிவிட்டார். பத்து ஆண்டு என்று தீர்ப்பில் எழுதப்பட்டது, கைதான நாளிலிருந்து கணக்கிட்டாலும் மூன்று ஆண்டைத் தொடவில்லை. இந்தக் கணக்கு மக்கள் மனத்தில் அப்படியே பதிந்திருந்தது.

அதோடு 2022 ஜனவரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிவாயு விலை உயர்வை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் நாடு முழுவதும் பரவி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அரசுக் கணக்கின்படியே 238 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தொகாயெவ் 'புதிய கஜகஸ்தான்' என்றும் 'நியாயமான கஜகஸ்தான்' என்றும் பேசத் தொடங்கினார். பழைய ஆளும் குடும்பங்களின் தனிச்சலுகைகள் முடிவுக்கு வந்துவிட்டன என்பதே அந்தப் பேச்சின் சாரம். நசர்பாயெவ் காலத்தில் கருணை பெற்று வெளியே வந்த ஒருவர், உறவினரின் உணவகத்தில், உறவினரின் உதவியோடு மனைவியைக் கொன்றுவிட்டு மறைக்கப் பார்த்தார் என்ற செய்தி வந்தபோது, அந்தப் பேச்சை உரைத்துப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்தது. 'இவனும் நாலைந்து வருடத்தில் வெளியே வந்துவிடுவான்' என்பதுதான் முதல் நாட்களில் எங்கும் கேட்ட பேச்சு. அரசுக்கும் இது தெரிந்திருந்தது. விசாரணை திறந்த நீதிமன்றத்தில், நேரலையில் நடப்பதற்கு அனுமதி கிடைத்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

இரண்டாவது கோபத்தின் வேர் 2017இல் இருக்கிறது. அந்த ஆண்டில் கஜகஸ்தான், அடிப்பதையும் சிறு காயம் ஏற்படுத்துவதையும் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கி, நிர்வாக மீறல்களின் பட்டியலில் சேர்த்தது. போக்குவரத்து விதியை மீறுவதும் மனைவியின் கன்னத்தில் அறைவதும் ஒரே வகைச் சட்டத்தின் கீழ் வந்தன. இதற்கு அரசு சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பு இருந்த நடைமுறையில், அடிபட்ட பெண்ணே சாட்சியைத் தேடி, ஆதாரத்தைத் திரட்டி, தனிப்பட்ட புகாராக வழக்கை நடத்த வேண்டியிருந்தது. நிர்வாக மீறலாக மாற்றினால் ஆதாரம் திரட்டும் பொறுப்பு காவல்துறைக்குப் போய்விடும், தண்டனையும் விரைவில் கிடைக்கும் என்றார்கள். நடந்தது வேறு. தண்டனை அபராதமாக இருந்தவரை, அது குடும்பச் செலவுக்கான பணத்திலிருந்தே கட்டப்பட்டது. அடித்தவனுக்குப் போட்ட அபராதத்தை அடி வாங்கியவளும் பிள்ளைகளும் சேர்ந்து சுமந்தார்கள். பிறகு 2020இலிருந்து அபராதத்தை எடுத்துவிட்டு எச்சரிக்கை, சில நாள் காவல் என்று மாற்றினார்கள். முதல் முறை அடித்தவனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பினான். புகார் கொடுத்தவளும் அங்கேதான் இருந்தாள்.

இந்தச் சட்டம் செயல்பட்ட வீடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கஜக் குடும்பங்களில், குறிப்பாகக் கிராமப்புறங்களிலும் தெற்கு மாவட்டங்களிலும், புதிதாக வந்த மருமகளுக்கு வீட்டு வேலையில் பெரும்பங்கு இருக்கிறது. விடியலில் முதலில் எழுவதும், விருந்தினருக்குத் தேநீர் ஊற்றுவதும், மூத்தவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்வதும் அவள் பொறுப்பு. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த மகள் குடும்பத்துக்கே வெட்கம் என்ற எண்ணம் நகரங்களில் தளர்ந்திருந்தாலும் மறைந்துவிடவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது, பொறுத்துக்கொள், பிள்ளை பிறந்தால் அவன் திருந்திவிடுவான் என்ற அறிவுரையைத் தாயே மகளுக்குச் சொல்லும் சூழல் அது. வீட்டுக்கு வரும் காவலரும் பெரும்பாலும் அதே அறிவுரையைத்தான் சொல்வார். எனவே புகார் எழுதியவர்களில் பெரும்பகுதியினர் சமரசம் செய்துகொண்டு அதைத் திரும்பப் பெற்றார்கள். சமரசம் ஆனதும் வழக்கு மூடப்பட்டது. காவல்துறை பெண்ணுக்குப் பாதுகாப்பு உத்தரவு வழங்க முடியும், ஆனால் அது 30 நாளுக்குத்தான். முப்பத்தொன்றாவது நாள் அவளைப் பாதுகாக்க யாரும் இல்லை.

2020இல் இதைச் சரிசெய்ய ஒரு முயற்சி நடந்தது. குடும்ப வன்முறையைத் தடுப்பதற்கான புதிய மசோதா நாடாளுமன்றத்தின் கீழவையில் முதல் வாசிப்பைத் தாண்டியது. உடனே சமூக ஊடகங்களில் கடுமையான எதிர்ப்புக் கிளம்பியது. இந்தச் சட்டம் வந்தால் குழந்தைகளை அரசு பிடுங்கிக்கொண்டு போய்விடும், கணவனும் மனைவியும் வாய்ச்சண்டை போட்டால்கூடப் போலீஸ் வீட்டுக்குள் வந்துவிடும், கஜக் குடும்ப மரபை அழிக்க வெளிநாட்டவர் செய்யும் சதி இது என்றெல்லாம் பேசினார்கள். 2021 ஜனவரியில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பின்வாங்கல்தான், என் பார்வையில், சல்தனத் வழக்கின் மிக முக்கியமான முன்கதை. அடித்தால் சிறை என்ற தெளிவான செய்தியை அரசு சொல்ல வேண்டிய நேரத்தில், கூச்சல் போட்டால் அரசு பணியும் என்ற செய்தியைத்தான் அது சொன்னது. 2023 ஜூலையில் சில திருத்தங்கள் வந்தன: பெண் எழுத்துப்பூர்வமாகப் புகார் தராவிட்டாலும் காவல்துறை தானாகவே வழக்குப் பதியலாம், ஒருமுறைக்கு மேல் சமரசம் அனுமதிக்கப்படாது. ஆனால் அடிப்பது குற்றம் என்ற நிலை திரும்பவில்லை. நான்கு மாதத்தில் சல்தனத் இறந்தார்.

செய்தி வெளியான சில நாட்களிலேயே கையெழுத்து இயக்கம் தொடங்கிவிட்டது. வழக்கறிஞரும் மனித உரிமைச் செயல்பாட்டாளருமான ஹலிதா அஜிகுலோவா உள்ளிட்டோர் முன்னெடுத்த கோரிக்கை மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பேரணி நடத்த அனுமதி கிடைப்பதே அரிதான நாட்டில் அது மிகப் பெரிய எண்ணிக்கை. நாட்டின் மிகப் பெரிய நகரமான அல்மாட்டியில் பெண்கள் கூடினார்கள். ஐரோப்பிய நகரங்களில் வாழும் கஜக் இளைஞர்கள் சல்தனத்தின் படத்தோடு தங்கள் தூதரகங்களின் முன் நின்றார்கள். இவர்களில் பலர் இதற்கு முன் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொண்டவர்கள் இல்லை. சமூக ஊடகங்களில் பெண்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்: உடைந்த பல், மூடப்பட்ட வழக்கு, 'சமாதானமாகப் போங்கள்' என்ற காவலர். சல்தனத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கி, தங்கள் பெயரைச் சொல்லி முடித்த பதிவுகள் அவை. ஒரு பெண்ணுக்கான துக்கம் ஒரு தலைமுறையின் வாக்குமூலமாக மாறியது இப்படித்தான்.

சல்தனத்தின் அண்ணன் ஐத்பெக் அமன்கெல்தியின் பங்கை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இத்தகைய வழக்குகளில் பிறந்த வீட்டார் பெரும்பாலும் வாயடைத்துப் போவார்கள், அல்லது மானத்துக்குப் பயந்து ஒதுங்குவார்கள். அவர் பேட்டி கொடுத்தார், சாட்சி சொன்னார், தங்கையைப் பற்றிப் பரப்பப்பட்ட பேச்சுகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். தங்கை முன்பே தன் உடம்பில் இருந்த காயங்களின் படத்தைத் தனக்கு அனுப்பியிருந்ததையும், அந்தத் திருமணத்தை விட்டு வெளியேற அவள் முயன்றதையும் சொன்னார். 'அடித்தால் ஏன் அங்கேயே இருந்தாள்?' என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. அடிக்கிறவனை விட்டுப் போகும் நேரம்தான் பெண்ணுக்கு மிகவும் ஆபத்தான நேரம் என்பதை, உலகெங்கும் இத்துறையில் பணியாற்றுவோர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

விசாரணை 2024 மார்ச் 27 அன்று தொடங்கியது. கஜகஸ்தானில் ஜூரி முறை 2007இலிருந்து நடைமுறையில் உள்ளது. கடுமையான குற்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதைக் கேட்டுப் பெறலாம். சாதாரணக் குடிமக்களான பத்து ஜூரர்கள் நீதிபதியோடு சேர்ந்து அமர்ந்து முடிவெடுப்பார்கள். நீதிபதி ஐஷான் குல்பாயெவா ஒரு பெண். அரசு வழக்கறிஞர் ஐஷான் அய்மகனோவாவும் பெண்தான். அவருடைய பதற்றமில்லாத குறுக்கு விசாரணையைப் பார்த்துச் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் பள்ளி மாணவிகள் எழுதினார்கள். நாட்டின் வரலாற்றில் இப்படி முழுமையாக நேரலையில் காட்டப்பட்ட கொலை வழக்கு இதற்கு முன் இல்லை.

கண்ணாடித் தடுப்புக்குள் அமர்ந்திருந்த முன்னாள் அமைச்சர், தான் அடித்ததை மறுக்கவில்லை. கன்னத்தில் அறைந்தேன், தள்ளினேன் என்றார். தன் செயலால் மனைவி இறந்ததையும் ஒருவகையில் ஒப்புக்கொண்டார். ஆனால் கொல்லும் நோக்கமோ கொடூரமோ இல்லை என்று வாதாடினார். மனைவி கீழே விழுந்ததில் தலையில் அடிபட்டது என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதி. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் இறந்த பெண்ணின் குணத்தைப் பற்றிய கேள்விகளை அடுக்கினார்கள்: குடித்திருந்தாரா, பொறாமைக்காரரா, கோபத்தைத் தூண்டினாரா, வீட்டில் எப்படி நடந்துகொண்டார்? ஆண்டாண்டு காலமாக ஊர்ப் பஞ்சாயத்திலும் காவல் நிலையத்திலும் மூடிய அறைக்குள் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. இம்முறை அவை ஒலிபெருக்கியில், கேமரா முன்னிலையில் கேட்கப்பட்டன. கூடவே, அதே நீதிமன்றத்தின் திரையில், ஒரு மனிதன் தரையில் விழுந்த பெண்ணை உதைப்பதும் காட்டப்பட்டது. 'அவள் என்ன செய்தாள்?' என்ற கேள்வியும் அந்தக் காட்சியும் அருகருகே வைக்கப்பட்டபோது, அந்தக் கேள்வி எவ்வளவு இழிவானது என்பது யாரும் விளக்கிச் சொல்லாமலே மக்களுக்குப் புரிந்தது. என்னைக் கேட்டால், இந்த வழக்கு சமூகத்துக்குச் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். தண்டனையைவிடவும், ஒருவகையில் சட்டத்தைவிடவும், இது பெரியது. குடும்பத்துக்குள் நடக்கும் அடியைப் பற்றி இத்தனை காலம் பேசியவர்கள் பார்க்காமல் பேசினார்கள்; இப்போது ஒரு நாடே உட்கார்ந்து பார்த்தது.

இந்த நேரலைக்கு ஒரு விலையும் இருந்தது. இறந்த பெண்ணின் அந்தரங்கம், அவருடைய உடலின் காயங்கள், கணவனோடு அவர் பரிமாறிய செய்திகள் எல்லாம் பொதுவெளிக்கு வந்தன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, பரபரப்பான தலைப்புகள் கொடுத்துப் பரப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் கதவு மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தால், குடும்பத்தினர் அந்த விலையை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

ரஷ்ய மொழி பேசும் உலகம் முழுவதும் இந்த விசாரணையைப் பின்தொடர்ந்தது. ரஷ்யாவும் 2017 பிப்ரவரியில், குடும்பத்துக்குள் முதல் முறையாக, நிரந்தரப் பாதிப்பு ஏற்படாத வகையில் அடிப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கியிருந்தது. கஜகஸ்தான் தன் முடிவைத் திருத்திக்கொண்டபோது, ரஷ்யப் பெண்கள் பலர் அதை ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2024 ஏப்ரல் 11 அன்று மேலவை அதை நிறைவேற்றியது. 15ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அதன்படி, அடிப்பதும் வேண்டுமென்றே சிறு காயம் ஏற்படுத்துவதும் மீண்டும் குற்றவியல் சட்டத்துக்குள் வந்தன. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை ஆயுள் சிறைவரை கடுமையாக்கப்பட்டது. ஊடகத்திலோ சமூக ஊடகத்திலோ வெளியான தகவலை வைத்தே காவல்துறை விசாரணையைத் தொடங்கலாம் என்றானது. குடும்ப ஆதரவு மையங்களுக்கும், உதவி கேட்டு அழைப்பதற்கான 111 என்ற தொலைபேசி எண்ணுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மசோதாவை விரட்டியடித்தவர்கள் இம்முறையும் அதே வாதங்களோடு வந்தார்கள். ஆனால் அரங்கில் அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

சட்டத்தின் குறை எங்கே என்றால், அது குடும்ப வன்முறை என்ற ஒன்றைத் தனிக் குற்றமாக வரையறுக்கவில்லை. தெருவில் அந்நியன் அடிப்பதும், வீட்டில் கணவன் வாரம் ஒருமுறை அடிப்பதும் ஒரே பிரிவில்தான் வருகின்றன. மனித உரிமைக் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் சட்டத்தை வரவேற்ற அதே நாட்களில் இதைச் சுட்டிக்காட்டின. இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. குடும்ப வன்முறை ஒரு நாளில் நடக்கும் ஒரு செயலாக இருப்பதில்லை. யாரோடு பேசலாம், எங்கே போகலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதில் தொடங்கி, அவமானப்படுத்துவதாக வளர்ந்து, கடைசியில்தான் கை நீள்கிறது. சல்தனத்தின் கதையிலும் அப்படித்தான் நடந்தது என்பதை நீதிமன்றத்தில் படிக்கப்பட்ட செய்திகளும் சாட்சிகளும் காட்டின. தொடர்ந்து வதைத்தது என்ற தனிக் குற்றச்சாட்டு பிஷிம்பாயெவ் மீது நிரூபிக்கப்பட்டதும் அதனால்தான். ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக எண்ணி, காயத்தின் அளவை மருத்துவச் சான்றிதழில் அளந்து தண்டிக்கும் சட்டத்துக்கு இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது. கடைசி அடி விழுந்த பிறகுதான் அது தெரியவரும்.

தீர்ப்பைப் பற்றியும் மனக்குறைகள் இருந்தன. ஆயுள் தண்டனை ஏன் இல்லை என்று பலர் கேட்டார்கள். அரசுத் தரப்பு கேட்டதே 24 ஆண்டுதான், அதையே நீதிமன்றம் வழங்கியது. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பழைய கருணையை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு, எத்தனை ஆண்டு என்பதைவிட எத்தனை ஆண்டு உண்மையில் உள்ளே இருப்பார் என்பதே கேள்வி. அதை இனிவரும் ஆட்சிகள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு ஒன்று. பல ஆண்டுகளாக வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காகக் குரல் கொடுத்துவந்த 'நெமோல்ச்சி' என்ற அமைப்பின் நிறுவனர் தினா தன்சாரி மீது, மோசடி உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் வழக்குகள் தொடுக்கப்பட்டு, அவர் தேடப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். சல்தனத் வழக்கு நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நாட்களில் அவர் வெளிநாட்டில் இருந்தார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். ஒரு பக்கம் பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டே, மறுபக்கம் அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் கத்தியவர்கள் நாட்டுக்குள் கால் வைக்க முடியாத நிலையை வைத்திருப்பது, அரசு எந்தக் கோபத்துக்குச் செவிசாய்த்தது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு முன்னாள் அமைச்சரைத் தண்டித்து, பழைய ஆட்சியின் சலுகை முடிந்தது என்று காட்டுவது ஆட்சிக்கு வசதியானது. காவல் நிலையத்தின் நடைமுறையைக் கேள்வி கேட்கும் தன்னார்வ அமைப்புகள் வலுப்பெறுவது அவ்வளவு வசதியானது இல்லை.

இந்த வழக்கைப் 'பணமும் பதவியும் தலைக்கேறிய ஓர் அரக்கனின் கதை' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஆண்டுக்கு 400 பேர் என்ற கணக்கில் வரும் கணவர்களில் பெரும்பாலோர் அமைச்சர்கள் இல்லை. ஓட்டுநர்கள், விவசாயிகள், வேலையில்லாதவர்கள், ஆசிரியர்கள், காவலர்களேகூட அதில் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமார் அடி வாங்கும் சமையலறையில் கண்காணிப்புக் கேமரா கிடையாது. பேட்டி கொடுக்கும் அண்ணனும் பலருக்கு இல்லை. தொலைவான ஒரு மாவட்டத்தில் இரவு பதினோரு மணிக்கு அழைப்பு வந்து, ஒரே வண்டியில் முப்பது கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேரும் காவலர், வாசலில் நிற்கும் மாமியாரின் பேச்சைக் கேட்டுத் திரும்பிவிடுகிறாரா, அல்லது உள்ளே போய் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துப் பேசுகிறாரா என்பதில்தான் சல்தனத் சட்டம் செயல்படுகிறதா இல்லையா என்பது தீர்மானமாகிறது. அந்தப் பெண் அன்றிரவே பிள்ளைகளோடு போய்த் தங்க மாவட்டத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். மறுநாள் காயத்தைப் பதிவுசெய்யும் மருத்துவர் இருக்க வேண்டும். கணவனின் சம்பளம் நின்றுபோனால் அடுத்த மாதம் அவள் எப்படிச் சாப்பிடுவாள் என்பதற்கும் யாராவது பதில் வைத்திருக்க வேண்டும். அவளைப் புகாரைத் திரும்பப் பெற வைப்பது பயத்தைவிடவும் பல நேரங்களில் வாடகையும் பள்ளிச் செலவும்தான்.

மக்கள் அழுத்தம் தீர்ப்போடு ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. 2025 ஜூலையில் தொகாயெவ் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம், ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருவதையும், கட்டாயத் திருமணத்தையும் முதன்முறையாகத் தனிக் குற்றங்களாக ஆக்கியது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் மணமுடிக்கும் வழக்கத்துக்கு, 'நானாகவே விட்டுவிட்டேன்' என்று சொல்லி ஆள்கடத்தல் வழக்கிலிருந்து தப்பும் ஓட்டை அதுவரை இருந்தது. பின்தொடர்வதைக் குற்றமாக்கியது, விட்டுப் போக நினைக்கும் மனைவிக்கும் முன்னாள் காதலிக்கும் நேரடியாகப் பயன்படக்கூடிய மாற்றம். குடும்ப வன்முறையைத் தனிக் குற்றமாக வரையறுக்கும் பிரிவு மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. 2023 நவம்பரில் கையெழுத்திட்ட அந்த ஒன்றரை லட்சம் பேரின் மனுவில் அதுதான் முதன்மையான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. செயல்பாட்டாளர்கள் இப்போதும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.